கரையாத பேனர்

கொதிக்கிற எண்ணெய் உஷாராணியின் புறங்கையில் தெறித்தது. அவள் கையை இழுக்கவில்லை. முறுக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த பிழிவுக்கு மாவை எடுத்தாள். மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தீபாவளி வியாபாரம் சூடு பிடித்திருந்த காலை அது.

கணவர் முகுந்தன் சித்திரையில் மாரடைப்பில் போனதிலிருந்து அவள் இப்படித்தான் இருந்தாள். சாவு வீட்டுக்கு வந்த பெண்கள், "வாய் விட்டு அழுதுடும்மா" என்று உலுக்கிப் பார்த்தார்கள். அவளோ வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாயிற்றா என்று கேட்டாள். அதன் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது. சரி.

அன்றும் முகுந்தனின் தம்பி சுகுமாறன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தான். திரையில் முகுந்தன் கைகூப்பிச் சிரித்தார். 'முகுந்தன் முறுக்குக் கடையின் தீபாவளி வாழ்த்துகள்.'

"அண்ணி, டிசைன் ரெடி. போன வருஷத்த விட பெரிய பேனர். ஒரு லைட் போஸ்ட் விடாம கட்டிடலாம் லா."

"சரி."

"அண்ணன் இல்லாத மொத தீபாவளி. யாவாரம் படுத்துச்சுன்னா கடைய விட்டுட்டுப் போக வேண்டியதுதான். பயமுறுத்தல, உள்ளதச் சொல்றேன்."

"சரி தம்பி."

நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே! கடை திறந்தால் பேனர், காதுகுத்துக்குப் பேனர், கண்ணை மூடினால் அதற்கும் ஒரு பேனர். கட்டுகிற நாளில் ஏணி தேடி ஊரையே புரட்டுவோம். அவிழ்க்க வேண்டிய நாளில் ஒருவரையும் காணோம். போன தீபாவளிக்கு முகுந்தன் ஆசை ஆசையாய்க் கட்டிய பேனர்கள் காற்றில் கிழிந்து எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டதில்லை.

அன்று பிற்பகல் மழை கொட்டியது. கடைகளுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் கால்வாய் பொங்கி, பக்கத்துத் துணிக்கடைக்குள் தண்ணீர் புகுந்தது. கடைக்காரி ஜரீனா தீபாவளிக்கென்று இறக்கி வைத்திருந்த சேலைக் கட்டுகள் சேற்றுத் தண்ணீரில் ஊறிப் போயின. உஷாராணி கடை ஒரு படி உயரம் என்பதால் தப்பியது. அவள் வாளியோடு போய்த் தண்ணீரை இறைத்துக் கொடுத்தாள். ஜரீனா விம்மி விம்மி அழுதாள். உஷாராணி நனைந்த கட்டுகளைத் தூக்கி மேலே அடுக்கினாள்.

மறுநாள் காலை நகராண்மைக் கழக ஊழியர்கள் வந்து கால்வாயைக் கிண்டினார்கள். அடைத்துக்கொண்டிருந்தது பாய் மாதிரிச் சுருண்ட ஒரு மூட்டை. தெருவில் போட்டு விரித்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். சேறு விலகியது. முகுந்தன் கைகூப்பிச் சிரித்தார். ஒரு பல்கூட மங்கவில்லை.

"இனி சியாப்பா பூஞா?" என்று ஓர் ஊழியர் கேட்டார். இது யாருடையது என்ற அந்த மலாய்க் கேள்வியைக் கேட்டதும் எல்லார் கண்ணும் உஷாராணி பக்கம் திரும்பியது. ஜரீனா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்களோடதுதான்" என்றாள் உஷாராணி. பேனர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இந்த மனிதரின் அஸ்தியைக் கடலில் விட்டபோது கண்மூடித் திறப்பதற்குள் கரைந்து போனது. பிடித்து வைக்க முடியவில்லை. இது மட்டும் கரையாமல் கிடந்து, கூடப் பிறக்காத தங்கை மாதிரி இருந்தவளின் கடைக்குள் தண்ணீரை விட்டிருக்கிறது.

"ஜரீனா..." என்றாள்.

"விடுங்கக்கா. அண்ணன் வேணும்னா செஞ்சாரு?"

அந்த வார்த்தை அவளை இன்னும் கூச வைத்தது. கடைக்குள் போனவள், தன் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்தாள். மூடியில் 'முகுந்தன் உஷாராணி' என்று பெயர் வெட்டியிருந்தது. அது நிறைய முறுக்கை அடுக்கி ஜரீனாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

டப்பா மறுநாளே திரும்பி வந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர ஜரீனாவுக்கு மனம் வராது. உள்ளே தேங்காய்ப்பாலில் செய்த வட்டலப்பம் இருந்தது. கூடவே அறிமுகமில்லாத ஒரு பெண்ணும் வந்தாள்.

"ஆன்டி, ஜரீனா அக்கா கடையில இந்த டப்பாவில இருந்துதான் முறுக்கு சாப்பிட்டேன். மூடியில பேரு பார்த்து வந்தேன். எங்க ஆபீஸுக்கு வேணும்."

உஷாராணி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுகுமாறனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பேனர் வேணாம்."

சித்திரைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் 'வேணாம்' அது. சுகுமாறன் திகைத்துப் போனான்.

"பேனர் இல்லாம எவன் அண்ணி வருவான்?"

"பிரிக்பீல்ட்ஸ் பாத்திரக் கடையில டப்பா வாங்கு. எல்லா மூடியிலயும் கடைப் பேர வெட்டச் சொல்லு. டப்பாவுக்கு முன்பணம் வாங்கிட்டு முறுக்கோட கொடுப்போம். காலி டப்பாவக் கொண்டு வந்தா மறுபடி நிரப்பிக் கொடுப்போம். வீட்டு டப்பாவக் கொண்டு வர்றவங்களுக்கு ஒரு பிடி சேத்துக் கொடுப்போம்."

சுகுமாறன் தலையில் அடித்துக்கொண்டு போனான். முதல் சில நாள் அவன் சொன்னதுதான் நடந்தது. கடை ஈ ஓட்டியது. ஆனால் தீபாவளிப் பலகாரம் ஒரு வீட்டோடு நிற்பதில்லையே! மலாய்க்கார வீட்டுக்கும் சீனர் வீட்டுக்கும் போகும். டப்பாக்கள் போன இடமெல்லாம் பெயரும் போனது. காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு புது முகங்கள் வந்தன. போன வருஷத்து வியாபாரம் இல்லைதான். கடையை விட்டுப் போகத் தேவையில்லாத அளவுக்கு ஓடியது.

தீபாவளிக்கு முதல் நாள் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் சுகுமாறன் கேட்டான். "ரோடு பூரா பார்த்தேன் அண்ணி, அண்ணன் மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

எண்ணெய் தெறித்தது. "ஆ!" என்று கையை உதறினாள் உஷாராணி. கண்ணில் நீர் முட்டியது. ஒன்றுக்கும் வராத அழுகை இப்போது நிற்காமல் வந்தது. முந்தானையால் துடைத்தபடியே சொன்னாள்.

"கஷ்டமாத்தான் இருக்கு தம்பி. ஆனா நம்ம முறுக்கு ஒரு நாள்ல தின்னு தீந்துடும். அத விக்கிறதுக்கு நாம கட்டுற பிளாஸ்டிக் நம்ம காலத்துக்கும் மக்காம லோங்காங்ல கெடக்கும். நம்ம பேரு ஊருக்குத் தெரியணும்னு அடுத்தவங்க பொழப்புல தண்ணி விட நமக்கு உரிமை கிடையாது. அண்ணன் பேரு நல்ல பேரா நாலு வீட்டுக்குள்ள இருக்கட்டும். அது போதும்."