சிவப்புத் தொலைபேசி அடிக்கும் வீடு

எங்கள் அனல்மின் நிலையம் வயது முடிந்து ஓய்வு பெற்றபோது, வழக்கப்படி மாலை போட்டு, ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்து, என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

என் வாய்தான் காரணம். வழியனுப்பு விழாவில் பேசக் கூப்பிட்டால் என்ன பேசுவோம்? எப்போதும் நம் வீட்டுக் கதவு திறந்திருக்கும், வந்து இருக்கலாம் என்போம். இதுவரை யாரும் வந்ததில்லை. இது வந்துவிட்டது. சின்ன நிலையம்தான், ஆனாலும் கூடத்தில் வைக்க முடியவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். புகைபோக்கி மட்டும் மொட்டைமாடியைத் தாண்டி நின்றது. ஓய்வு பெறுகிற எல்லாருக்கும் சுவர்க்கடிகாரம்தான் கொடுப்போம். இது ஆசைப்பட்டுக் கேட்டதால், கண்ட்ரோல் ரூமில் இருந்த சிவப்புத் தொலைபேசியைக் கொடுத்திருந்தோம். அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து இணைப்புக் கொடுத்தேன்.

அதில்தான் வினை. பெரிய நிலையங்களைப் போல இது நாள் முழுக்க ஒரே சீராக ஓடியதில்லை. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது மின்சாரம் தடுமாறும். அப்போது தலைநகரிலிருந்து கூப்பிட்டு, உற்பத்தியைக் கொஞ்சம் ஏற்றச் சொல்வார்கள். ஊர் அடங்கியதும் குறைக்கச் சொல்வார்கள். அதன் பிழைப்பே அந்தத் தொலைபேசிதான். இனிமேல் யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆனால் அது மணிக்கொரு தரம் அடுப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன கேக்காங்க?" என்றது. ஒன்றும் கேட்கவில்லை என்றால் பெருமூச்சு விடும். ஒவ்வொரு பெருமூச்சுக்கும் கொடியில் காய்கிற துணி கறுத்துப்போகும், அலமாரிப் பாத்திரமெல்லாம் கிடுகிடுக்கும்.

என் மனைவி ரோஸ்லின் முதலில் பொறுத்துக்கொண்டாள். விருந்தாளி என்று நிலக்கரிகூட அள்ளிப் போட்டாள். போகப் போக அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள். கையில் பிடித்திருக்கிற கரண்டியை வீடு முழுக்கத் தேடினாள். நானும் அப்படித்தான்.

நிலையத்துக்கோ சாப்பாடு இறங்கவில்லை. போட்ட கரி போட்டபடி கிடந்தது. கொதிகலன் ஒரு தரம் முழுசாக ஆறிவிட்டால் இந்த வயதில் மறுபடி சூடேறாது. போனால் போனதுதான். தொட்டுப் பார்த்தேன். குளிக்கிற வெந்நீர் அளவுக்குத்தான் சூடு இருந்தது. இத்தனை வருஷம் சோறு போட்ட நிலையம். செல்போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், குரலை மாற்றி நானே கூப்பிட்டேன். "நீதானா," என்று வைத்துவிட்டது.

அன்று ரோஸ்லின் பையைக் கட்டினாள். "நீங்க அதைப் பாருங்க. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இங்க இருந்தா எனக்கும் ஏதாவது ஆயிரும்," என்றாள். திரும்பி வருவாயா என்று கேட்டேன். செருப்பைத் தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். அவள் அண்ணன் வீடு கடற்கரை ஊரில், மூன்று பஸ் மாறிப் போக வேண்டும்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் சிவப்புத் தொலைபேசி அடித்தது. நான் எடுப்பதற்குள் நிலையம் கரி கொண்டுவருகிற தன் பெல்ட்டை ஜன்னல் வழியாக நீட்டி எடுத்துவிட்டது. கரகரவென்று தூரத்து இரைச்சல். அதற்குள்ளிருந்து ரோஸ்லின், ரொம்ப அதிகாரமாக, "கொஞ்சம் ஏத்துங்க," என்றாள்.

நிலையம் ஏற்றியது. கரியைக் கேட்டு வாங்கித் தின்றது. டியூப்லைட் வெள்ளை வெளேரென்று எரிந்தது, மிக்சி தானாக ஓடி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளிக்க வீட்டில் ஆளில்லாததால் நன்றாகவே அழுதேன். அது ரோஸ்லின் குரல் என்று நிலையத்துக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. தூரத்திலிருந்து வந்தால் அதற்குப் போதும் போல.

அதிலிருந்து மணிக்கொரு தரம் கூப்பிட்டாள். ஏற்றச் சொன்னாள், குறைக்கச் சொன்னாள். கொதிகலன் தொட முடியாதபடி கொதித்தது. துணி வெள்ளையாகவே காய்ந்தது. அவள்தான் இல்லை. ஒரு நாள் நிலையத்துக்கு முந்திக்கொண்டு ரிசீவரை எடுத்து, எல்லாம் சரியாகிவிட்டது, கிளம்பி வா என்றேன்.

"நான் வந்தா யாரு கூப்பிடுவா?" என்றாள்.

அது சரிதான். பிறகு அவள், தன் அண்ணனும் ஒரு வழியனுப்பு விழாவில் பேசிவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். அவர்கள் ஊர்க் கலங்கரை விளக்கத்துக்கும் வயது முடிந்துவிட்டதாம். முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, யாராவது வருகிறார்களா, யாராவது வருகிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். அந்த வீட்டில் எல்லார் குரலும் அதற்குப் பழக்கமாம்.

கலங்கரை விளக்கத்தின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பொழுது சாய்ந்ததும் இங்கிருந்து கூப்பிட்டு, ஒரு கப்பல் வருகிறது என்று சொன்னேன்.

"எவ்வளவு தூரத்துல?" என்று கலங்கரை விளக்கம் கேட்டது.

மூன்று பஸ் மாற வேண்டிய தூரம் என்றேன்.