கட்டை வைக்கிற ஆள்

செடிக்காரியின் பிக்கப் வண்டிக்கு இரண்டு கைப்பிரேக். ஒன்று சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மேட்டில் நிறுத்தினால் பிடிக்காது. இன்னொன்று அவள் புருஷன். வண்டி நின்றதும் மரக்கட்டையோடு கீழே குதித்து, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார். அந்த ஊரில் தெருவெல்லாம் மேடு. ஒரு நாளைக்கு இருபது தடவை குதித்தார். இந்த வயசில் இவ்வளவு சுறுசுறுப்பா என்று யாராவது வாய்விட்டுக் கேட்பார்கள் என்று காத்திருந்தார். ஒருத்தரும் கேட்கவில்லை.

டைல்ஸ் கடை வேலை போனபின் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தவர் அவர். வண்டியோட்டவும் வராது, லைசென்ஸ் பரீட்சையில் மூன்று முறை கோட்டை விட்டவர். கட்டை வைக்க ஆள் வேண்டும் என்று பெண்டாட்டி கூப்பிட்ட பிறகுதான் மனிதருக்கு உயிர் வந்தது. செடித்தொட்டிகளை ஏற்றிக்கொண்டு காலையில் விற்கக் கிளம்பினால் வழியெல்லாம் ஊர் வம்பு, சிரிப்பு. கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் அவள், "பிரேக்கை சரி பண்ணிட்டா உங்க சீட்டுல இன்னும் நாலு தொட்டி வைக்கலாம்ங்க" என்றாள்.

நாலு தொட்டி. தன் மதிப்பு அவ்வளவுதான் என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் வேறு யாருமில்லை, அவள் தம்பிதான். லீவரை இழுத்து 'டிக் டிக்' சத்தத்தை எண்ணினான். ஆறில் பிடிக்க வேண்டியது பதின்மூன்று வரை போனது. பின்சக்கர டிரம்மைக் கழற்றி, தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றினான். வண்டி கல்லாக நின்றது. அன்று சாயங்காலமே இவர் லீவரின் ரப்பர் உறையைத் தூக்கி, கேபிளை இழுத்துப் பிடிக்கிற நட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் எட்டுச் சுற்று தளர்த்தி வைத்தார். மறுநாள் மேட்டில் வண்டி பின்னால் நகர, கட்டையோடு குதித்தவர் முகத்தில் அப்படியொரு பொறுப்பு.

இரண்டாம் முறை கேபிளையே மாற்றினான். அதுவும் இரண்டே நாள்தான் தாங்கியது. அக்கா ஓட்டுகிற லட்சணம் என்று அவன் ஏச, நீ வேலை பார்க்கிற லட்சணம் என்று அவள் ஏச, இவர் நடுவில் புகுந்து இருவரையும் சமாதானப்படுத்தினார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதென்றால் இதுதான்.

மூன்றாம் முறை மச்சினன் உறையைத் தூக்கிவிட்டு வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"அக்கா, தானா கழண்டா தெரியட்டும்னு போன தடவை நட்டையும் அது ஏறியிருக்கிற கம்பியையும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்ல கோடு போட்டேன். ஒரு கோடுதான் போட்டேன். இப்ப ரெண்டு இருக்கு."

கோடு விலகிப்போனதை இவர் அன்று காலைதான் கவனித்து, தொட்டிக்கு அடிக்கிற பெயின்டால் புதுக்கோடு இழுத்திருந்தார். பழையதைத் துடைக்கத்தான் மறந்துவிட்டார். மஞ்சள் ஒட்டிய கட்டைவிரலை மெல்ல உள்ளங்கைக்குள் மடக்கினார். செடிக்காரி அதைப் பார்த்துவிட்டாள். மானமும் போச்சு, சீட்டும் போச்சு என்று அவர் தரையைப் பார்த்தார்.

"நான்தான்டா," என்றாள் அவள் தம்பியிடம். "இறுக்கலாம்னு திருகினேன். தப்பா திருகிட்டேன் போல."

தம்பி தலையிலடித்துக்கொண்டான். எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று பத்து நிமிஷம் பாடம் நடத்தினான். இருபது வருஷமாக வண்டியோட்டுகிறவள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டாள். அவன் நட்டை இறுக்கி, அசையாதபடி அதன்மேல் இன்னொரு நட்டையும் பூட்டி அனுப்பினான்.

திரும்பும் வழியில் அவள் ஊரிலேயே செங்குத்தான தெருவில் வண்டியை நிறுத்தி லீவரை இழுத்தாள். ஆறே டிக். வண்டி இம்மியும் அசையவில்லை. மடியில் கட்டையோடு அவர் உட்கார்ந்தே இருந்தார்.

அவள் கையை நீட்டினாள். "ஸ்பேனரைக் குடுங்க. துணி துவைக்கும்போதெல்லாம் உங்க சட்டைப் பையில அதுதான் கிடைக்குது."

எடுத்துக் கொடுத்தார்.

"ம். இறங்கிக் கட்டையை வைங்க."

"அதான் பிரேக் பிடிக்குதே."

"பிடிக்கட்டும். வைங்க."

"சீட்டுல நாலு தொட்டி வைக்கணும்னு சொன்னியே?"

"வெச்சு? தொட்டி என்கூடப் பேசிக்கிட்டா வரும்?"

அவர் குதித்து இறங்கினார். அசையாத சக்கரத்துக்குக் கட்டையை வைத்து, இறுகியதா என்று காலால் இரண்டு முறை உதைத்தும் பார்த்தார்.