மான்சோக் அண்ணன் போட்ட உத்தரவு

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கொரியாவின் போஹாங் நகரில் தோக்சுன் அக்கா வீட்டு நினைவுநாள் படையலுக்கு என்னைக் கூப்பிட்டதே பேரிக்காய்ப் பெட்டியைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான். போன இடத்தில் கதை மாட்டிக்கொண்டது.

2.

முதல் தொடக்கம்: வியட்நாமின் சேற்று வயலில், கொரிய மரைன் வீரன் மான்சோக் துப்பாக்கியை உயர்த்தி…

(வேண்டாம். அந்த வயலை நான் பார்த்ததில்லை. நானும் மரைன்தான், ஆனால் படையில் நான் அதிகம் பிடித்தது சமையல்கூடத்து அகப்பையை.)

இரண்டாவது தொடக்கம்: எண்பதை நெருங்கும் கிழவர் ஒருவர் இருபது வயதுப் பையனின் படத்துக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

இது நடந்தது. கிழவர் யோங்பே. படத்தில் இருப்பவன் அக்காவின் தம்பி மான்சோக், வியட்நாம் போரில் செத்தவன். வயதில் யோங்பேதான் மூத்தவர். ஆனால் படையில் ஒரு பேட்ச் பின்னால் சேர்ந்தார். மரைன்களுக்கு பேட்ச்தான் வயது, செத்தாலும் மாறாது. அதனால் அந்தப் பையன் இன்றுவரை அவருக்கு அண்ணன்.*

* எனக்கு யோங்பே அண்ணன். நான் பல நூறு பேட்ச் பின்னால். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் நிற்கிறது.

3.

மான்சோக் சாகும்போது பக்கத்தில் இருந்தவர் யோங்பே மட்டும்தான். எப்படிச் செத்தான் என்று அக்கா கேட்கும்போதெல்லாம் வீரமாகப் போனார் என்பார். மேலே கேட்டால் சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். "வீட்டுல சொல்லாதே" என்று மான்சோக் கடைசியாக உத்தரவு போட்டிருந்தான். மூத்தவர் போட்ட உத்தரவை அவருக்கும் மூத்தவர்தான் ரத்து செய்யலாம்.

(இந்த இடத்தில் தொண்ணூறு வயது மரைன் ஒருவரைச் சக்கர நாற்காலியில் உருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பிரமாதமாகப் பேசினார். ஆனால் அப்படி ஒருவர் வரவே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.)

4.

அக்காவுக்கு அடுத்த வாரம் இதய அறுவை சிகிச்சை. தெரியாமலே போய்விடுவோமோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. தம்பிக்குப் படைத்த சோற்றில், செத்தவர் சாப்பிட வரட்டும் என்று வைக்கிற வழக்கப்படி, ஸ்பூனைக் குத்தி நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"யோங்பே, யாரு சொன்னா நீ வாயத் தொறப்ப?"

"அவருக்கு மூத்தவங்க சொல்லணும்க்கா."

"அவனுக்குக் குண்டி கழுவி விட்டவ நான். எனக்கு மேல எந்த பேட்ச்டா இருக்கு?"

எங்கள் விதிகளில் அக்காக்களுக்கு இடமே கிடையாது. அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியமும் கிடையாது. யோங்பே படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அக்காவைப் பார்த்து சல்யூட் அடித்தார்.

அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். நானும் கேட்டேன். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டேய், இத நீ எழுதக் கூடாது."

"சரிங்கண்ணே."

5.

முடிவு ஒன்று: கண்ணிவெடி வெடித்ததும்…

முடிவு இரண்டு: காய்ச்சலில் பிதற்றியபடி…

இரண்டும் என் கற்பனை. உண்மை எனக்குத் தெரியும், ஆனால் என் வாயைக் கட்டிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்லலாம், அதற்கு உத்தரவு எதுவும் இல்லை. கேட்டு முடித்ததும் அக்கா முதலில் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அப்புறம்தான் அழுதார்.

ஒரு அக்காவை முதலில் சிரிக்க வைக்கிற சாவு எப்படிப்பட்டது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களை யாரும் தடுக்கவில்லை.