சுவர் மாப்பிள்ளைக்கு ஒரு லோடர்

கல்யாணத்தன்று காலையிலும் என் தம்பி இசக்கிராஜா சுவருக்குள்தான் இருந்தான்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் தெரு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிறது. எல்லாமே சதுரக் கட்டைகள். போன வாரம் விளையாட்டுக்கு அப்டேட் வந்தது. அந்த நேரம் பார்த்து இவன் காலண்டர் மாட்டிக்கொண்டிருந்தான். தலையும் வலது கையும் எங்கள் ஹாலில் நின்றுவிட்டன. மிச்சம் எல்லாம் பக்கத்து வீட்டு அடுப்படியில்.

பக்கத்து வீட்டு இக்னேஷியஸ் சார் தங்கமான மனிதர். ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். குளிருமே என்று தம்பியின் கால்களுக்குச் சாக்ஸ் போட்டுவிட்டார். அவர் வீட்டுத் தென்னையைப் போன மாதம் அடியோடு வெட்டினார்கள். மட்டையும் குலையும் மட்டும் இன்னும் வானத்தில் நிற்கின்றன. அதையும் யாரும் கண்டுகொள்வதில்லை.

"அக்கா, தாலி கட்ட ரெண்டு கை வேணும். இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுதான் இருக்கு. முகூர்த்தத்துக்குள்ள என்னை வெளிய எடுத்துருவியா?"

"எடுக்காம? சும்மா இருல. ஆடாத, மூஞ்சியத் தொடைக்கேன்."

சுவரில் மாட்டியவர்களை வெளியே எடுக்க ஒரு மோட் உண்டு. விளையாட்டைச் செய்தவர்கள் கொடுக்காததை விளையாடுகிறவர்களே செய்து சேர்ப்பதுதான் மோட். ஆனால் அது தானாக உள்ளே வராது. கூச்சம். பந்தியில் ஆள் பார்த்து உட்காரவைப்பார்களே, அந்த மாதிரி அதைக் கூட்டிவந்து உட்காரவைக்க ஒரு லோடர் வேண்டும்.

வாசலில் இரண்டு லோடர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் பெரியவர், நல்ல பருமன், படியில் உட்கார்ந்திருந்தார். ஊரில் உள்ள அத்தனை மோடுகளுக்கும் அவரைத் தெரியும். இன்னொருவர் ஒல்லி. இன் பண்ணிய சட்டை. நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எப்ப எந்திரிப்பீங்க?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"எந்திரிக்கதுக்கு முன்னால காப்பி குடிக்கணும். காப்பிக்கு முன்னால பல்லு தேய்க்கணும். பல்லு தேய்க்கதுக்கு முன்னால எந்திரிக்கணும்."

"நீங்க?" என்று ஒல்லியிடம் கேட்டேன்.

"நான் உட்கார்ந்ததே இல்ல."

அவரையே தேர்ந்தெடுத்தேன். பெரியவர் கோபப்படவில்லை. உட்கார்ந்தபடியே துண்டை உதறிக்கொண்டு சந்துக்குள் போனார்.

ஒல்லி லோடர் ஹாலில் பாய் விரித்து, இலை போட்டு, மோடை அழைத்தார். வந்தது. சின்னதாக, ஈரத் தலையோடு இருந்தது. இலையைப் பார்த்தது. உட்காரவில்லை.

"என்னவாம் அதுக்கு?"

"தாய்மாமன் வராம உட்காராதாம்."

"யாரு தாய்மாமன்?"

"உங்க தாய்மாமன்தான். அவரு இல்லாம இங்க எந்த மோடும் உட்காராது. அவரையில்லா மொதல்ல கூப்பிட்டிருக்கணும்?"

கோமதிநாயகம் மாமாவுக்கு நான் பத்திரிகையை நேரில் வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பதிலுக்கு அவர் ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை.

மாமா டவுன்லோடு ஃபோல்டரில் இருந்தார். அது எங்கள் வீட்டுப் பரண். ஏற ஏறப் பரண் உயர்ந்தது. பழைய கரன்ட் பில், பாதிப் பாட்டு, ஒரே ஜாதகம் திரும்பத் திரும்ப, எல்லாவற்றையும் தாண்டினேன். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மாமா அதில் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, வாங்க."

"எந்த மாமா?"

"நீங்கதான் மாமா."

"நான் வெறும் ஃபார்வர்டு. என்னை எதுக்கு நேர்ல கூப்பிடுத?"

தாம்பாளம் இல்லை. அங்கே கிடந்த கீபோர்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினேன். மாமா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கொட்டப்பாக்கா?"

"ஆமா மாமா."

"அப்ப சரி." நாற்காலியோடு இறங்கி வந்தார்.

மாமா உட்கார்ந்தார். மோட் உட்கார்ந்தது. ஒல்லி லோடர் கையைத் தட்டினார். தம்பி விரற்கடை அளவு வெளியே வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயைச் சுற்றி ஓடினேன்.

அப்போது போன் அடித்தது. மணப்பெண் செண்பகவல்லி.

"மதினி, கவலப்படாதீங்க. நான் இக்னேஷியஸ் சார் வீட்லதான் நிக்கேன். இங்க ஒரு பெரிய லோடரைப் பிடிச்சுப் போட்டுட்டேன். அவங்க காலைப் பிடிச்சு இழுக்காரு."

"அடிப்பாவி! ஒரு உலகத்துக்கு ஒரு லோடர்தான்டி!"

"அவரு காப்பி குடிச்சிட்டாரே மதினி."

ஒல்லி இந்தப் பக்கம் இழுத்தார். பெரியவர் அந்தப் பக்கம் இழுத்தார். தம்பி அசையவில்லை. சுவர்தான் பிடுங்கிக்கொண்டு வந்தது. தம்பியோடு நடந்து வந்து, ஹாலில் போட்டிருந்த மணவறையில் நின்றுகொண்டது.

"ஐயோ, கூரை!" என்று கத்தினேன்.

ஓடிப்போய் எல்லோரும் கூரையைத் தாங்கினோம். நான், மாமா, இக்னேஷியஸ் சார், இரண்டு லோடர்கள், ஈரத் தலையோடு அந்த மோட். மேளக்காரர் ஒரு கையால் தாங்கி, மறு கையால் அடித்தார்.

செண்பகம் பட்டுச்சேலையில் வந்து சுவரின் முன்னால் உட்கார்ந்தாள். "நல்லா இருக்கீங்க" என்றாள். தம்பி வெட்கப்பட்டான். சுவரும் கொஞ்சம் சிவந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. இசக்கி வலது கையால் தாலியை அவள் கழுத்தில் வைத்தான். இடது கை சுவருக்கு அந்தப் பக்கம் காற்றைத் துழாவியது. முடிச்சு விழவில்லை.

"அக்கா," என்றான். கண் நிறைந்துவிட்டது.

நாத்தனார் முடிச்சுப் போடுவது எங்கள் வழக்கம்தான். அது என் உரிமை. ஆனால் என் கை இரண்டும் கூரையில் இருந்தன.

"விட்டுராத பிள்ள! அம்புட்டும் தலையில விழும்," என்றார் மாமா.

"நேரம் போகுதும்மா," என்றார் ஐயர்.

விழுந்தால் விழட்டும். என் தம்பி கல்யாணம். கையை எடுத்தேன். ஓடினேன். அவன் கயிற்றின் நுனியைப் பிடித்துக் கொடுத்தான். மூன்று முடிச்சையும் நானே போட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து எனக்கு விக்கல் எடுத்தது.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். கூரை அங்கேயே இருந்தது. இக்னேஷியஸ் சார் எப்போதோ கையை விட்டுவிட்டு அட்சதை போட்டுக்கொண்டிருந்தார். லோடர்களும் மோடும் பந்திக்குப் போய்விட்டார்கள். சுவர் போன இடைவெளி வழியே, அடியில்லாத தென்னை வானத்தில் நிற்பது தெரிந்தது.

மாமா மட்டும் கால் நடுங்கத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ள, நான் விடலாமா?"

"ஐயோ மாமா! நீங்க விட்டா எல்லாம் போச்சு. நீங்க தாய்மாமன் இல்லையா?"

மாமாவின் முகம் மலர்ந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். கூரை ஒரு கட்டை உயர்ந்தது.