தண்ணீர் முறை நாளில் ஏறிய மாடி

இப்போதெல்லாம் தெருவில் ஒருத்தன் விழுந்து கிடந்தால் தூக்கிவிட ஆள் வருவதில்லை, படம் பிடிக்கத்தான் வருகிறார்கள். சௌகத் அலிக்கு இது நெடுநாள் எரிச்சல். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றே காலம் போக்கிய மனிதர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஒரு மனிதனைப் பார்த்தால் கையை நீட்டுவதா, செல்போனை நீட்டுவதா என்று அவருக்குத் தெரியும். அன்று காலை கறிக்கடையிலிருந்து திரும்பியபோது, பேகம்பூருக்குப் பின்னால் இருக்கும் அவருடைய தெருவில் செல்போன்கள் உயர்ந்திருந்தன. நடுவே அவருடைய மகன் இஷாக் உட்கார்ந்திருந்தான்.

உட்கார்ந்திருந்தது வால்வுக் குழியின் மூடிமேல். மடியில் வால்வைத் திருப்பும் இரும்புக் கம்பி. அன்று தெருவுக்குத் தண்ணீர் முறை. குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நின்றன.

"ஆத்தூர் டேம் உடைஞ்சிருச்சு" என்று இஷாக் கத்தினான். "வால்வைத் திறந்தா தெரு முங்கிரும். எல்லாரும் மேட்டுக்குப் போங்க!"

"முங்கட்டும்யா" என்றாள் எதிர்வீட்டு சண்முகவள்ளி. "தண்ணி வந்து ரெண்டு வாரமாச்சு. முங்குற அளவுக்கு வந்தா நான் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன்."

இஷாக்குக்கு முப்பத்தைந்து வயது. மாத்திரை சாப்பிடும் வரையில் அவனைவிடச் சாதுவான ஆள் தெருவில் கிடையாது. சாப்பிடாமல் விட்டால் டேம் உடைந்துவிடும். தண்ணீர் திறக்க வந்த கிளெமென்டிடமிருந்து கம்பியைப் பிடுங்கியபோது அது அவர் தோளில் உரசிவிட்டது. லேசாகத்தான் பட்டது என்று கிளெமென்டே சொன்னார். அதற்குள் தெரு போலீசுக்குப் போன் போட்டு, மண்டை உடைந்ததாகச் சொல்லிவிட்டது.

போலீஸ் என்றதும் சௌகத் அலி கறிப்பையைக் கீழே போட்டுவிட்டு மகன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். போன தடவை இஷாக் பஸ்ஸை மறித்தபோது, "நீங்க போய் மருந்துச் சீட்டை எடுத்துட்டு வாங்க பாய், நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். அவர் சீட்டோடு திரும்பியபோது பையனின் வலது கை, மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. பார்த்துக்கொண்டார்கள். இனிமேல் போலீஸ் இருக்கும் இடத்தில் மகனைத் தனியே விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தார்.

ஜீப் வந்தது. எஸ்.ஐ. புவனேஸ்வரி இறங்கினார், சின்ன வயது. பின்னாலேயே லத்தியோடு ஏட்டு மதியழகன். போன தடவை வந்தவர்கள் வேறு ஆட்கள். லத்தி ஒரே மாதிரிதான் இருந்தது.

"ரெண்டு போட்டா எந்திரிச்சிருவான் மேடம்" என்று செல்போனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எஸ்.ஐ. அதைக் காதில் வாங்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். கொஞ்சம் தள்ளி, சாக்கடை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். அடிக்கிற போலீஸ் என்ன செய்யும் என்று சௌகத் அலிக்குத் தெரியும். உட்காருகிற போலீஸ் என்ன செய்யும்?

"அண்ணே, என் பேரு புவனேஸ்வரி. உங்க பேரு?"

"பேரு கேக்குற நேரமா இது? தண்ணி செம்பட்டி தாண்டிருச்சு!"

"அப்படியா. அப்ப இப்ப என்ன செய்யணும்?"

கூட்டம் சிரித்தது. எஸ்.ஐ. சிரிக்கவில்லை. ஏட்டு, சௌகத் அலியின் காதருகே வந்தார். "பயிற்சி பாய். போன மாசம் கூப்பிட்டு வீடியோ எல்லாம் காட்டினாங்க. ஒரு நாட்டுல இந்த மாதிரி ஆளைப் பாத்ததும் சுட்டுப்புடுறான். இன்னொரு நாட்டுல போலீஸ்கூட ஒரு நர்சும் வருது. பேச்சுக்குன்னே ஆளு."

"நம்ம ஊருல?"

"நம்ம ஊருல மேடம் வந்திருக்காக."

"சுடுற வீடியோவ எதுக்குக் காட்டுனாக?"

"அப்படிச் செய்யக்கூடாதுன்னு."

சௌகத் அலி நம்பவில்லை.

பேச்சு நீண்டது. வெயில் ஏறியது. கடைசியில் இஷாக் ஒரு நிபந்தனைக்கு இறங்கிவந்தான். "எல்லாரும் மாடிக்கு ஏறணும். அப்பத்தான் கம்பியைக் குடுப்பேன்."

எஸ்.ஐ. பெண்கள் பக்கம் திரும்பினார். "செத்த நேரம் மாடிக்குப் போயிட்டு வாங்களேன்."

"நல்லாருக்கே" என்றாள் சண்முகவள்ளி. "குடத்தை யாரு பாக்குறது?"

அந்தத் தெருவில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஆனால் குடத்துக்காரியின் கண் மறைந்தால் குடம் தானாகப் பின்னால் போய்விடும். எப்படிப் போகிறது என்று இதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

"இவரு பாப்பாரு" என்று எஸ்.ஐ. ஏட்டைக் காட்டினார்.

"ஏட்டையா, மஞ்சக் குடம் என்னோடது. நாலாவது. நான் இறங்கி வரும்போதும் நாலாவதாத்தான் இருக்கணும், சொல்லிப்புட்டேன்."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். கிளெமென்டும் தோளைத் தடவிக்கொண்டு ஏறினார். மாடியிலிருந்து படம் இன்னும் நன்றாக வரும் என்று தெரிந்ததும் செல்போன்களும் ஏறின. ஏட்டு மதியழகன் குடங்களுக்கு முன்னால் லத்தியோடு விறைப்பாக நின்றார்.

இஷாக் சுற்றிலும் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான். "அத்தா ஏறலையே."

"நான் வரலைடா. இங்கதான் நிப்பேன்."

"முங்கிருவீங்கத்தா!" அவன் கம்பியோடு எழுந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. கம்பி இங்கும் அங்கும் ஆடியது. ஏட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"பெரியவரே, நான் அவரைத் தொடமாட்டேன்" என்றார் எஸ்.ஐ.

"போன வாட்டியும் இப்படித்தான் சொன்னாக."

எஸ்.ஐ. மாடிகளை நிமிர்ந்து பார்த்தார். "எந்த மாடியில நின்னா நல்லாத் தெரியுமோ அங்க நில்லுங்க" என்றார்.

சௌகத் அலி மகனின் வலது கையைப் பார்த்தார். பிறகு ஏட்டின் கையைப் பார்த்தார்.

"அந்தக் கம்பை எங்கிட்டக் குடு."

"லத்தியா? அது கவர்மெண்டு சாமான் பாய்."

"என் மகனும் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில பொறந்தவன்தான். குடு."

ஏட்டு எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. தலையசைத்தார்.

லத்தியை ஊன்றிக்கொண்டு சௌகத் அலி சண்முகவள்ளி வீட்டு மாடிப்படி ஏறினார். படிக்கட்டு சுவருக்குள் வளைந்து போகிற இடத்தில் தெரு தெரியாது. அந்த வளைவில் அவருக்கு மூட்டு வலி மறந்துபோனது. மேலே வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

இஷாக் மூடியை விட்டு விலகி, குனிந்து கம்பியைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தான். எஸ்.ஐ. இன்னும் கல்லிலேயே உட்கார்ந்திருந்தார்.

கிளெமென்ட் இறங்கி வால்வைத் திறந்தார்; பெண்களும் குடங்களிடம் இறங்கி வந்தார்கள். குழாய் இருமியது, காற்று விட்டது, பிறகு நூல் மாதிரி தண்ணீர் விட்டது. இஷாக் அதையே வெகுநேரம் பார்த்தான்.

"இம்புட்டுதானா?"

"இதத்தான்யா நாங்க வருசம் பூரா கேக்குறோம்" என்றாள் சண்முகவள்ளி. அப்போதுதான் கவனித்தாள். மஞ்சள் குடம் ஐந்தாவதாக இருந்தது. ஏட்டைச் சுற்றிப் பெரிய சண்டை கிளம்பியது.

சௌகத் அலி இறங்கி வந்ததும் எஸ்.ஐ. ஜீப்பைக் காட்டினார். "ஆஸ்பத்திரிக்குத்தான் பெரியவரே, ஸ்டேஷனுக்கு இல்ல. சட்டமே அப்படித்தான் இருக்கு."

"சட்டம் அன்னிக்கும் இருந்துச்சு. நாங்க நடந்தே போறோம்."

"லத்தி?"

"ஆஸ்பத்திரி வாசல்ல தாரேன்."

ஒரு கையில் லத்தி, மறு கையில் மகனின் வலது கை. சௌகத் அலி நடந்தார். ஜீப் முதல் கியரில் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. மாடிகளில் செல்போன்கள் இன்னும் இறங்கவில்லை.

"நல்ல போலீசுத்தா" என்றான் இஷாக்.

"மாடி பூரா ஆளு பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றார் சௌகத் அலி. "யாரும் பாக்காத அன்னிக்கு இப்படி ஒக்காரட்டும், அப்பச் சொல்றேன்."

முனை திரும்பும்போது ஒருமுறை பின்னால் பார்த்தார். ஜீப் வந்துகொண்டுதான் இருந்தது. லத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடையை எட்டிப் போட்டார்.