இனிஷியலோடு ஒரு முட்டை

மந்தாரக்குப்பத்து அலெக்சாண்டருக்கு எந்த உறவுமுறையிலும் சேராத அண்ணன் ஒருவர் உண்டு. பெயர் ஹெச். டி. வெதர்லி. நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கிரிக்கெட்காரர். மொத்தம் ஆடியதே பதினாலு மேட்ச், அதில் ஆறு முட்டை. யாருக்காவது அடிபட்டால்தான் அவரைக் கூப்பிடுவார்களாம். சம்பளமும் கிடையாது, அவர் 'அமெச்சூர்' என்று போனில் போட்டிருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் பத்தொன்பது வருஷமாகக் கான்ட்ராக்டில் கிடப்பவருக்கு இது போதாதா? நம்மைவிடப் பாவப்பட்ட ஜீவன் என்று மனசார அண்ணனாக்கிக்கொண்டார்.

இவர் கதையும் அதேதான். சுரங்கத்துக் கிரிக்கெட் டீமில் பர்மனன்ட்காரர் எவருக்காவது ஷிஃப்ட் மாறினால்தான் அழைப்பு வரும். டீமில் இன்னொரு அலெக்ஸும் இருந்ததால், ஸ்கோர்போர்டு எழுதும் கருப்பசாமி இவரைக் 'கான்ட்ராக்ட் அலெக்ஸ்' என்றே எழுதுவார். அலெக்சாண்டர் சிரித்துவைப்பார். உள்ளே சுருக்கென்று தைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம், இங்கிலீஷ் டியூஷன் எடுக்கும் மனைவி லிடியா போனை வாங்கி அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏங்க, உங்க அண்ணன் பெரிய பண்ணையாருங்க. சம்பளமே வேணாம்னு ஆடுறவங்கதான் அமெச்சூராம். சம்பளத்துக்கு ஆடுறவங்களுக்கு மைதானத்துக்குள்ள வர வேற கேட்டு, வேற ரூமு. ஸ்கோர்ல கூட அமெச்சூருக்குத்தான் இனிஷியலு. சம்பளக்காரங்களுக்கு வெறும் பேருதான்."

"அப்ப அவரு பர்மனன்ட்டா?"

"அதுக்கும் மேல. மேனேஜர் கிரேடு."

அலெக்சாண்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கூடப்பிறந்தவனே ஏமாற்றியது போலிருந்தது. ஆனாலும் அந்த ஆறு முட்டையை நினைத்தால் கோபமும் நிற்க மாட்டேனென்கிறது. பாவம், இனிஷியலை விட்டால் அந்த மனுஷரிடம் வேறு என்னதான் இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேப்டன் நெடுமாறன் போன் செய்தார். "பிரவின்குமாருக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்கப்பா. பைனலுக்கு வந்துடு."

லிடியாவையும் அழைத்துக்கொண்டு போன அலெக்சாண்டர், மைதானத்தில் நேராகக் கருப்பசாமியிடம்தான் போய் நின்றார். சாக்பீஸ் 'கான்' வரைக்கும் எழுதியிருந்தது.

"அண்ணே, அத அழிச்சிடுங்க. எங்கப்பா பேரு பவுல்ராஜ். இனிஷியலோட முழுப்பேரா எழுதுங்க."

"இத்தினி வருசமா இல்லாம இன்னிக்கி என்னாப்பா புதுசா?"

"எழுதுங்கண்ணே."

கருப்பசாமி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு துடைத்துவிட்டு எழுதினார்.

பதினோராவது ஆளாக இறங்கினார் அலெக்சாண்டர். முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது. போர்டை யாரும் அழிப்பதற்குள் லிடியா போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பி. அலெக்சாண்டர் – 0.

"முட்டையப் போயா போட்டோ எடுக்கறீங்க?" என்று நெடுமாறன் சிரித்தார்.

"முட்டைய இல்லீங்க," என்றாள் லிடியா. "பேர எடுக்கறேன்."