நாலு மூலைத் தந்திரம்

சலவைக் கடையைத் திறப்பதற்கு முன் சிசுரு தினமும் கைப்பேசியில் ஒரு எண்கட்டம் போடுவாள். காலை ஏழு மணிக்கு இணையத்தில் புதுக் கட்டம் வரும். காலைச் சாப்பாட்டு மிசோ சாறு ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். வரிசையிலோ நிரலிலோ சின்னச் சதுரத்திலோ ஒரே எண் இரண்டு தரம் வரக்கூடாது, அவ்வளவுதான் விதி. ஆனால் அவளுக்கு அது விளையாட்டில்லை, பரீட்சை. அவளுடைய அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் புத்தி நழுவத் தொடங்கியது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு பெற்ற மகளையே, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள். சிசுருவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு நடக்கிறது. கட்டம் சரியாக முடிந்தால்தான் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும்.

அன்று முடித்து அனுப்பினாள். "தவறு" என்றது திரை.

விரல் தவறியிருக்கும் என்று வரிசை வரிசையாகப் பார்த்தாள். ஒரு எண்கூட இரட்டிக்கவில்லை. மறுபடி அனுப்பினாள், மறுபடியும் தவறு. செவ்வகமாக நின்ற நாலு அறைகளில் நாலும் ஒன்பதும் இடம் மாறினாலும் பொருந்தும்போல் இருந்தது. மாற்றிப் போட்டாள். பொருந்தியது, அதுவும் தவறு!

கீழே நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள். "அருமை!" "மழைத்தவளை ஐயா கைவண்ணம்னா சும்மாவா!" மழைத்தவளை என்பது அந்தக் கட்டத்தை அமைத்தவரின் புனைபெயர். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சிசுரு அங்கே இஸ்திரிப்பெட்டி.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டார் புருஷன் ஹிசனோபு.

"ஏங்க, இதுல எங்கயாவது ஒரே எண் ரெண்டு தரம் வருதா பாருங்க."

கணக்கென்றால் காததூரம் ஓடுகிற மனிதர், பாவம், விரல் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். "வரலையே. சரியாத்தானே இருக்கு?"

"தப்புங்குது."

"அப்ப அதுக்குத்தான் கிறுக்கு."

"அத்தனை பேருக்குச் சரியா வந்திருக்கு. எனக்கு மட்டும் வரலைன்னா கிறுக்கு யாருக்குங்க? எங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது."

"வாயைக் கழுவு! காலங்காத்தால பேசுற பேச்சைப் பாரு."

கடையைத் திறந்தார்கள். வாடிக்கைக்காரர் குராஹாஷி கோட்டுக்கு வந்தார். சிசுரு கோட்டை எடுத்தாள், சீட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் சீட்டைப் பார்த்தாள். "ஏம்மா, அது என்னுதுதான், தைரியமாக் குடு" என்று சிரித்தார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதைத் தொட்டாலும் சந்தேகமாக இருந்தது.

ஹிசனோபுவுக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய கைப்பேசியை எடுத்து ஒற்றை விரலால் தட்டினார்: "என் பெண்டாட்டி விடையும் விதிப்படி சரிதான். ஏன் தவறு என்கிறீர்கள்?"

அந்தக் கூட்டத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெரியவர் அமைத்த கட்டத்தைக் குறை சொல்வது அங்கே அநாகரிகம். விடை வராதவன் தன் தலையில் தானே குட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்வான். ஹிசனோபுவுக்கு அந்த நாகரிகமெல்லாம் எங்கே தெரியும்! கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் எழுதினார்: "எனக்கும் இதே விடைதான். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை." அப்புறம் இன்னொருத்தர். பிறகு மளமளவென்று வந்தார்கள்.

மதியம் மழைத்தவளையே தலை தாழ்த்தி எழுதினார். ஒரு கட்டத்துக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். இதற்கு மூன்று இருக்கிறது. நாலு மூலைத் தந்திரத்தால் நானே ஏமாந்துபோனேன், மன்னியுங்கள் என்று.

தந்திரத்தையும் விளக்கியிருந்தார். ஒரு செவ்வகத்தின் நாலு மூலை அறைகளில் இரண்டு எண்கள் இடம் மாறினாலும் பொருந்தும் என்றால், கட்டத்துக்கு இரண்டு விடை வந்துவிடும். நல்ல கட்டத்துக்கு ஒரு விடைதானே? ஆகவே அந்த வழியைப் பார்க்காமலே அடைத்துவிடலாம். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாரும் அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அமைத்தவரும் சேர்த்து. நல்ல கூத்து!

"பாத்தியா! யாருக்குக் கிறுக்கு இப்ப?" ஹிசனோபு துள்ளினார். "சாயங்காலம் நண்டு வாங்கிட்டு வரேன்."

சிசுரு சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. "என்னா தந்திரம் பாருங்க, எவ்வளவு சுளுவு! எனக்கு இது தோணவே இல்லையே" என்றாள், மனதாரப் பாராட்டி.

அப்போது முள்ளங்கி என்ற பெயருடைய பெண்ணிடமிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. "இஸ்திரிப்பெட்டி அக்கா, நீங்க போய் எப்படி இதுல மாட்டாம வந்தீங்க? நாலு மூலைத் தந்திரத்தை எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே! போன வருஷம் படம் போட்டு விளக்கினீங்களே. வேணும்னே அதைப் போடாம விட்டுட்டீங்களா?"

சிசுரு அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். போன வருஷத்தை நினைவில் துழாவிப் பார்த்தாள். படமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"என்னவாம்?" என்றார் ஹிசனோபு.

"ஒண்ணுமில்லைங்க," என்றாள் அவள். "பாராட்டுறாங்க."